கடிகாரம் சொன்னவர்கள்

அன்று காலை முதல் ஆளாக வந்த டிரைவரும் கடிகாரம் என்றார்.

"பூட்டு... வாளி... திரை... ஊசி..." என்று கண்ணை மூடி விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தவர், கொஞ்சம் நிறுத்தி, போனால் போகிறது என்று கூடுதலாக ஒன்றை அள்ளிப் போடுகிறவர் மாதிரி, "கடிகாரம்" என்றார். பிறகு கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார். விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வாத்தியார் முகத்தைப் படிக்கிற பையனின் பார்வை.

"சரிங்க, ரொம்ப நன்றி" என்றாள். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. சோதனை நடத்துகிறவரின் புருவம் கொஞ்சம் ஏறினால்கூட எதிரே இருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாக நடக்க ஆரம்பித்துவிடுவார் என்று கல்லூரியில் முதலாண்டு உளவியல் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான்.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். அவள் வாசித்த இருபது சொற்களில் கடிகாரம் இல்லை.

இல்லாத சொல் வருவது இந்த மாதிரி சோதனைகளில் சகஜம். கட்டில், தலையணை, போர்வை என்று வாசித்தால் யாராவது ஒருவர் தூக்கம் என்று சத்தியம் பண்ணுவார். போன வாரம் முதன்முதலாக இரண்டு பேர் கடிகாரம் சொன்னபோது அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அவளுடைய பட்டியலில் கடிகாரத்துக்குச் சொந்தக்காரச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. பூட்டுக்கும் வாளிக்கும் நடுவில் நேரம் எங்கிருந்து வரும்? அப்படியும் இதுவரை பத்துப் பேருக்கு மேல் சொல்லிவிட்டார்கள்.

பஸ் டிப்போவின் முதலுதவி அறை அது. இரும்புக் கட்டில், ரெக்சின் கிழிந்த மெத்தை, உள்ளே ஒரு கத்திரிக்கோலும் காய்ந்துபோன களிம்பும் மட்டும் இருந்த கண்ணாடி அலமாரி. ஜன்னலுக்கு வெளியே பஸ் கழுவுகிற இடம். ஒவ்வொரு பஸ்ஸும் கழுவலுக்கு வரும்போது தண்ணீர் தகரத்தில் அறைகிற சத்தம் கேட்கும்; அது முடியும்வரை அவள் காத்திருந்துதான் சொற்களை வாசிப்பாள்.

அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி சின்னது. ஒரு விஷயத்தைக் கேட்டதும் பத்து நிமிடம் சும்மா படுத்திருந்தால் அது மனதில் தங்குமா? உடனே வேறொன்றில் புகுந்தால் கலைந்துவிடுமா? வருகிறவர் ஒரு டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு பொத்தானை எடுப்பார். வெள்ளை வந்தால் விளக்கை அணைத்துக் கட்டிலில் படுக்க வேண்டும். நீலம் வந்தால் பக்கத்து அறையில் போனில் படம் சேர்க்கிற விளையாட்டு. பத்து நிமிடம் கழித்து, நினைவிருக்கும் சொற்களை வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். டிப்போவில் அவளுக்கு ஞாபக மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கேள்வி சின்னதே தவிர, அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது சின்னதல்ல. வேலை பார்த்துக்கொண்டே ஏழு வருடமாக இழுத்துவரும் முனைவர் பட்டம். பல்கலைக்கழகம் இரண்டு முறை கெடு நீட்டியாகிவிட்டது. மூன்றாவது முறை கிடையாது. இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. டிப்போவின் நாற்பது பேர்தான் கடைசி அத்தியாயம். அதில் முப்பத்தைந்து பேர் முடிந்து, எண்களைப் பார்த்த கைடு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "படுத்தவங்க ஒரு பக்கம், விளையாடினவங்க ஒரு பக்கம், நடுவுல கோடு கிழிச்ச மாதிரி இருக்கேம்மா! இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்ல." ஏழு வருடத்தில் அவர் அவளைப் பாராட்டியது அன்றைக்குத்தான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கடிகாரத்தை இத்தனை நாள் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டோமோ என்று இப்போது உறுத்தியது.

முன்பு பட்டியலில் கடிகாரம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் வீட்டுக் கூடத்தில் அம்மா, அண்ணன், அண்ணி மூன்று பேரையும் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். மூவரும் கடிகாரத்தை விடாமல் சொன்னார்கள். என்னடா என்று பார்த்தால், எதிர்ச் சுவரிலேயே ஒன்று மாட்டியிருந்தது. அன்றைக்கே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் கரண்டியைப் போட்டுவிட்டாள்.

அவள் நிமிர்ந்து முதலுதவி அறையின் சுவரைப் பார்த்தாள். ஒரு ஆணி. ஆணியைச் சுற்றி வட்டமாக வெளிறிய தடம். எப்போதோ ஒரு கடிகாரம் தொங்கிய இடம்.

மனது துள்ளியது. இதுதானா! வெறும் தடத்தைப் பார்த்தே மனிதர்கள் கடிகாரம் சொல்கிறார்கள் என்றால் அதுவே தனியாக ஒரு கட்டுரைக்கு ஆகும். வருகிறவரின் நாற்காலியைத் திருப்பி, தடம் முதுகுக்குப் பின்னால் போகிற மாதிரி போட்டாள். அடுத்து வந்தவர் ஒல்லியான கண்டக்டர். வெள்ளைப் பொத்தான் எடுத்தார், படுத்தார், எழுந்தார், வரிசையாகப் பொழிந்தார். எட்டாவதாக, "கடிகாரம்."

கேட்கக் கூடாதுதான், கேட்டாள்.

"கடிகாரம் எப்படிங்க ஞாபகம் வந்துச்சு?"

"என்ன மேடம், நீங்கதானே படிச்சீங்க" என்றார் கண்டக்டர் கள்ளம் கபடம் இல்லாமல். "வாளிக்கு அடுத்தது."

வாளிக்கு அடுத்தது. அவள் இங்கே வாசித்த பட்டியலில் வாளிக்கு அடுத்தது கரண்டி. கடிகாரம் வாளிக்கு அடுத்து வந்தது ஒரே ஒரு முறை, வீட்டுக் கூடத்தில். அதைக் கேட்டது மூன்று பேர். அதில் அம்மாவும் அண்ணியும் டிப்போ வாசலைக்கூட மிதித்தது கிடையாது.

கேன்டீனில் அண்ணன் நான்கு பேரை உட்காரவைத்து ஏதோ சங்க விஷயம் பேசிக்கொண்டிருந்தான். டிரைவர் வேலையோடு தொழிலாளர் சங்கத்துக்கும் அவன்தான் செயலாளர். டிப்போவில் எல்லாருக்கும் தலைவர்.

"அண்ணா, கொஞ்சம் வெளிய வா."

"டீயை முடிச்சுட்டு வரேன் பாப்பா."

"இப்பவே வா."

"ஞாபக மேடம் கூப்பிட்டா போயிரணும் தலைவரே, அப்புறம் ஞாபகம் வெச்சு அடிப்பாங்க" என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

பழுதுபார்ப்புக்கு நின்ற ஒரு பஸ்ஸின் பின்னால் அவனை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"வாளிக்கு அப்புறம் என்ன?"

"கடிகாரம்" என்றான் அண்ணன், பட்டென்று. சொன்ன கையோடு முகமெல்லாம் மலர்ந்தது. "பார்த்தியா? ரெண்டு மாசம் ஆச்சு, அப்படியே இருக்கு!"

"யார் யாருக்கெல்லாம் சொல்லிக்குடுத்த?"

மலர்ந்த முகம் மெல்ல மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் பஸ் டயரை ஷூவால் தட்டிப் பார்த்தான், காற்று இருக்கிறதா என்று சோதிக்கிற மாதிரி.

"நீ ஏன் இப்ப டென்ஷன் ஆகற? ஒருத்தனும் வரமாட்டேன்னுட்டான் பாப்பா. மேனேஜ்மென்ட் ஆள் வெச்சு மறதி டெஸ்ட் எடுக்குது, குறைச்சலா சொன்னா வண்டியை விட்டு இறக்கிருவாங்கன்னு ஒரே பேச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"நான் பேரே குறிச்சுக்கலையே! யாரு என்ன சொன்னாங்கன்னு எங்கயும் போகாதுன்னு படிச்சுக் காட்டித்தானே கையெழுத்து வாங்கினேன்!"

"அந்தக் கையெழுத்துலதான் பயந்ததே. இந்த டிப்போல கையெழுத்து வாங்கினா அதுக்குப் பேரு மெமோ."

பங்கேற்பாளரின் சம்மதம் என்று ஒரு முழு வகுப்பு எடுத்திருக்கிறாள்; கரும்பலகையில் அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாள்.

"அதான், பயப்படாதீங்கடா, கேள்வி இதுதான்னு அஞ்சாறு பேருக்குச் சொன்னேன். அவனவன் அவனவன் ஆளுக்குச் சொல்லிருப்பான். அப்புறம்தான் வந்தாங்க. நான் சொல்லலேன்னா உனக்கு நாப்பது பேர் இல்ல, நாலு பேர்கூடக் கிடைச்சிருக்க மாட்டான்."

அண்ணன் சொல்லச் சொல்ல அவள் மனது வேறொரு கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் முன்பே தெரியும் என்றால், எல்லாரும் ஒரே அளவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நடுவில் அந்தக் கோடு எங்கிருந்து வந்தது?

"அப்படின்னா போன்ல விளையாடினவங்க மட்டும் ஏன் கம்மியா சொன்னாங்க?"

அண்ணன் கேன்டீன் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணா."

"நீதானே வீட்ல சொன்ன... படுத்து எந்திரிச்சவங்களுக்குத்தான் நிறைய ஞாபகம் இருக்கணும், அப்பத்தான் உன் ஆராய்ச்சி நிக்கும்னு."

"அதனால?"

"அதனால, படுக்கவெச்சா இருக்கறதெல்லாம் சொல்லிரு, போனைக் கையில குடுத்தா பாதியோட நிறுத்திக்கோன்னு..."

அவள் பஸ்ஸின் மீது கை ஊன்றிக்கொண்டாள். கைடு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றது கண் முன் வந்தது. இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்ல. எப்படிப் பார்த்திருப்பார்? அந்தக் கோட்டைக் கிழித்தது மனித மூளை இல்லை, தொழிலாளர் சங்கம்.

"என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியே" என்றாள்.

"என்னடி பேசற? உன் கைடு துள்ளிக் குதிச்சாருன்னு நீதானே வந்து சொன்ன? பாஸாகிட்டேல்ல? அப்புறம் என்ன?"

"இது பரீட்சை இல்லண்ணா! யாருக்கும் மார்க் கிடையாது. அவங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல!"

"மார்க்கே இல்லாத பரீட்சைக்கு எதுக்கு ஏழு வருஷம்?"

"நிறைய சொன்னாலும் சரி, கம்மியா சொன்னாலும் சரி. நிஜமா என்ன நடக்குதுன்னு தெரியணும். என் நினைப்பு தப்புன்னு வந்தாக்கூட அது ஒரு பதில்."

"தப்புன்னு வந்தா பட்டம் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

அண்ணன் அவளை நம்பவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. தப்பாகப் போட்டாலும் பாஸ் போடுகிற ஊர் எது என்கிற மாதிரி பார்த்தான். அவள் ஏழு வருடமாகப் படிப்பது என்ன என்று வீட்டில் ஒருவருக்கும் புரியாது என்பது அவளுக்குத் தெரியும். புரியாமலேயே இவ்வளவு சிரமப்பட்டு உதவுவார்கள் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள். அஞ்சாறு பேருக்குத்தான் சொன்னேன். அப்படியென்றால் யாரிடமும் கேட்காமல் வந்தவர்களும் இருக்கலாம். இருபது பேர் தேறினால்கூட அத்தியாயத்தை ஒட்டுப்போட்டு நிறுத்திவிடலாம். அன்று மீதம் இருந்த சோதனைகளை ரத்து செய்துவிட்டு, ஷிப்ட் மாறுகிறவர்களை ஓய்வறையிலும் டிக்கெட் கணக்கு ஒப்படைக்கிற ஜன்னலிலும் ஒவ்வொருவராகப் பிடித்தாள். தப்பே இல்லை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், உண்மையை மட்டும் சொன்னால் போதும் என்று கெஞ்சினாள்.

"சேச்சே, யாரும் சொல்லித்தரல மேடம். எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஞாபகம் ஜாஸ்தி."

"தலைவர் மேல சத்தியமா அவர் ஒண்ணும் சொல்லல."

"நான் தலைவரைச் சொல்லவே இல்லையே?"

"அதான், அவர் சொல்லலைன்றேன்."

இன்னொருவர் அவளையே திருப்பிக் கேட்டார். "ஏன் மேடம், மேல யாராவது கேக்கறாங்களா?"

ஒருவர் விடாமல் நல்லவர்கள். ஒருவர் விடாமல் அண்ணனைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினார்கள். காலையில் அவளிடம் கெட்டுப்போன ஒரு தகவல்தான் இருந்தது. மதியத்துக்குள், அது கெடவில்லை என்று சொல்லும் கெட்டுப்போன இன்னொரு தகவலும் சேர்ந்துகொண்டது. யார் கேட்டுவிட்டு வந்தவர், யார் கேட்காமல் வந்தவர் என்று பிரிக்க இனி கடவுளாலும் ஆகாது. இவர்களில் ஒருவராவது தன்னைக் கொஞ்சம் ஏமாற்ற நினைத்திருந்தால் கோபப்படவாவது வசதியாக இருந்திருக்கும்.

கடைசியில் ரிவர்ஸ் அண்ணன் அகப்பட்டார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த மூத்த டிரைவர். ஒருமுறை டீக்கடையில் இறங்கிய தன் கண்டக்டரையே மறந்து வண்டியை எடுத்துவிட்டு, பயணிகள் கத்திய பிறகு அந்தத் தெரு நெடுக ரிவர்ஸிலேயே வந்து ஏற்றிக்கொண்டவர். பெயர் அப்படித்தான் வந்தது. நீலப் பொத்தான் எடுத்து, ஐந்தே ஐந்து சொற்கள் சொன்னவர் அவர். எண்களில் அவர் மட்டும் எல்லாருக்கும் கீழே தனியாகத் தொங்கிக்கொண்டிருந்ததால் அவரை நீக்கிவிடலாமா என்றுகூட அவள் யோசித்திருந்தாள்.

பெஞ்சில் ஷூவைக் கழற்றிக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் அதே கேள்வியை, இந்த முறை நம்பிக்கையே இல்லாமல், கேட்டாள்.

"சொல்லிக்குடுத்தாங்களேம்மா" என்றார்.

அவள் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தாள். "சொல்லிக்குடுத்தாங்களா?"

"ஆமா. அந்த ஒல்லிப் பையன் ரெண்டு நாளா கூடவே வந்து சொல்லிக்குடுத்தான். படுத்தா எத்தனை, விளையாடினா எத்தனைன்னு வேற சொன்னான். உள்ள வந்து உக்காந்தேன், எல்லாம் போயிருச்சு. நீ படிச்சதுல ஏதோ நாலஞ்சு நின்னுச்சு, அதைச் சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தேழு பேரில் நேர்மையான ஒரே விடை இவருடையது. அதுவும் நேர்மையாக இருக்க முயற்சி செய்து வந்ததில்லை.

"தப்பாம்மா?"

"இல்லண்ணே. நீங்க ஒருத்தர்தான் சரியா பண்ணீங்க."

அவர் சந்தோஷப்படவில்லை. ஷூ லேஸைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். "அஞ்சுன்றது ரொம்பக் குறைச்சலோ? யார்கிட்டயும் சொல்லிராதம்மா. வண்டி ஓட்டறது மறக்கலை. ரூட்டு, சிக்னல், ஸ்டாப் எல்லாம் கையிலயே இருக்கு. இந்த மாதிரி சும்மா வார்த்தைதான் நிக்க மாட்டேங்குது."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அதுக்குத்தான் அன்னைக்கு உங்ககிட்ட கையெழுத்து வாங்கினேன்."

"கையெழுத்து வாங்கினியா?" என்று அவர் பதறினார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை ஓட்டியது அண்ணன்தான். அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாம் என்று பார்த்தாள், கால் கேட்கவில்லை. ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில், அவன் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அலுவலகம் விட்ட நேரம், நிற்க இடமில்லாத கூட்டம். இரண்டாவது ஸ்டாப் தாண்டும்போது கைடு போனில் வந்தார்.

"மீதி பேர் முடிஞ்சுதாம்மா? நம்பரை அனுப்பு."

"சார், தகவல் கெட்டுப்போச்சு சார்."

"என்னது, பெட்டியில போச்சா?"

"கெட்டு! கெட்டுப்போச்சு சார்! முன்கூட்டியே வார்த்தையெல்லாம் சொல்லிக்குடுத்திருக்காங்க."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அண்ணனின் தோள்கள் கொஞ்சம் உயர்ந்து, உயர்ந்தபடியே நின்றன. அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கடிகாரத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். யார் சொல்லிக்கொடுத்தது என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

"சரி, ஒண்ணு பண்ணு. கடிகாரம் சொன்னவங்களை மட்டும் எடுத்துடு."

"மத்தவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும் சார்."

"அதை நிரூபிக்க முடியுமா உன்னால?"

"முடியாது சார்."

"அப்ப யாரு கேக்கப் போறா?"

உண்மைதான், யாரும் கேட்க மாட்டார்கள். கடிகாரம் சொன்னவர்களை நீக்கினாலும் கோடு அப்படியே இருக்கும்; இன்னும் அழகாகக்கூட இருக்கும். ரிவர்ஸ் அண்ணனையும் மற்ற எண்களோடு ஒட்டாதவர் என்று நீக்கிவிடலாம். உண்மையைச் சொன்ன ஒருவரைத் தூக்கி எறிந்துவிட்டு மீதியைப் பைண்டு செய்து, மேலே தன் பெயரைப் போட்டு, அடுத்த வருடம் முதலாண்டு மாணவர்கள் முன் நின்று ஆய்வு முறைகள் பாடம் எடுக்கலாம்.

"எனக்குத் தெரியுமே சார்" என்றாள்.

"மாசக் கடைசின்னா மாசக் கடைசிதான். பதிவு ரத்தாயிடும், யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் சார். அவங்க வேண்டாம்."

"சரியா கேக்கலை."

"வேண்டாம் சார்!"

"யாரு வேண்டாம்?"

"நாப்பது பேரும் வேண்டாம் சார்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. போன் கட்டாகிவிட்டதா, கைடே வைத்துவிட்டாரா தெரியவில்லை. போனைப் பைக்குள் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கூடையை மடியில் சரிசெய்துகொண்டு, ஆறுதலாக, "நாப்பது பேரைப் பார்த்தும் ஒருத்தர்கூட அமையலையாம்மா?" என்றாள்.

"இல்லைங்க."

"அமையும், அமையும்."

சிக்னலில் பஸ் நின்றது. அண்ணன் திரும்பாமல் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

"ஏழு வருஷத்தையும் இப்படி வேண்டாம்னுட்டியே."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் பேரைச் சொல்லிருக்கலாமே."

"சொன்னா மட்டும்?"

சிக்னல் இன்னும் சிவப்பாகவே இருந்தது. அண்ணன் ஸ்டியரிங்கை உள்ளங்கையால் தேய்த்தான்.

"மறுபடி முதல்லேர்ந்து பதிவு பண்ணலாம்ல?"

"பண்ணலாம்."

"அப்ப புதுசா ஆள் வேணும்ல? இந்தத் தடவை நான் வாயே திறக்கமாட்டேன்."

"நீ வாயைத் திறக்கலேன்னா அவங்க வருவாங்களா?"

அதை அவன் நிஜமாகவே யோசித்தான். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் கேட்ட பிறகுதான் கியரை மாற்றினான். "வரமாட்டாங்க" என்று ஒத்துக்கொண்டான். முதுகைப் பார்த்தாலே அவன் வருத்தப்படுகிறான் என்று தெரிந்தது. அதனால் அவனைத் திட்டக்கூட முடியவில்லை, அது வேறு எரிச்சலாக இருந்தது. அடுத்த திருப்பத்தில் அந்த முதுகு திடீரென்று நிமிர்ந்தது.

"பாப்பா, பக்கத்து டிப்போ செயலாளர் நம்ம ஆளுதான். அங்க உன்னை யாருக்கும் தெரியாது. நான் லேசா ஒரு வார்த்தை சொல்லிவெச்சா போதும்—"

"கதவைத் திற."

"இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கே!"

"திறண்ணா."

ஸ்டாப்பே இல்லாத இடத்தில் பஸ் நின்றது. இறங்கினாள். பட்டறைகளும் பூட்டிய ஷட்டர்களுமாக இருந்த தெரு. திரும்பிப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தாள். பின்னால் கண்டக்டரின் விசில் ஒரு முறை கேட்டது, பிறகு இரண்டு முறை. "போகலாம் டிரைவர்!" என்று யாரோ கத்தினார்கள். பஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் நடக்கிற வேகத்துக்குப் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது.

"சரி, சொல்லலை!" என்றான் அண்ணன் உள்ளேயிருந்து. "ஏறு!"

அவள் நடையை எட்டிப் போட்டாள்.